300 மீட்டரிலிருந்து அரை மீட்டர் வரை: ஜொகூரில் ஏரியலின் கதை

எழுத்தொலி எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தமிழ் இலக்கணம் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. எழுத்து ஒலிக்கும் காலத்தையும் நம் முன்னோர் அளந்தார்கள். கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இதை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். அந்த அரை மாத்திரை வாயை விட்டு வெளிப்பட்ட பின், கம்பியின் துணையின்றி வானலையில் ஏறிச் செல்லும்போது அதற்கு என்ன நேர்கிறது? அதுவே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கணம் கற்பிப்போர்க்கும் ஏரியல் கம்பிக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். கல், கள், கண் என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் முதலெழுத்து ஒன்றே. பொருளைப் பிரித்துக் காட்டுவது இறுதியில் நிற்கும் மெய். அதன் அளவோ அரை மாத்திரை. இன்று திரைப்படமோ நாடகமோ எடுக்கும் இடங்களில் நடிகரின் சட்டைக்குள் ஒரு சிறு மைக்கும், இடுப்பில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரும் மறைந்திருக்கின்றன. அவர் பேசும் சொல் வானலையாகப் புறப்பட்டு, சற்றுத் தொலைவில் நிறுத்தியுள்ள ஏரியலை அடைந்து, பதிவுக் கருவிக்குள் செல்கிறது. ஏரியல் நிற்கும் இடம் பிழைத்தால் அந்த அரை மாத்திரை வழியிலேயே மடிந்துபோகும். எஞ்சுவது ‘க’ மட்டுமே. கல்லா, கள்ளா, கண்ணா என்று கேட்போர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏரியலுக்கு அலைவாங்கி, உணர்கொம்பு முதலிய பெயர்களும் தமிழில் வழங்குகின்றன. ஆண்டெனா என்பது இலத்தீன் மொழியில் கப்பற்பாயைத் தாங்கும் குறுக்குமரத்தின் பெயர். பின்னர்ப் பூச்சியின் உணர்கொம்புக்கும் அப்பெயர் வந்தது. நம் வீடுகளில் பழகிய சொல் ஏரியல் என்பதால் இங்கும் அதையே ஆளுகிறோம்.

முதல் வானொலிப் பெட்டி

மலாயாவின் வானொலி வரலாற்றைத் தொடங்குவோர் ஜொகூரிலிருந்தே தொடங்குவர். 1921-ல் ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பிர்ச் என்பவர் இந்நாட்டுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். (1875-ல் பேராக்கில் கொல்லப்பட்ட பிர்ச் வேறு, இவர் வேறு.) அவர் ஜொகூர் கம்பியில்லாச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பத் தொடங்கினார். பின்னர்க் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின.

இந்த ஆண்டைப் பிற நாட்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1920 நவம்பரில். லண்டனில் பி.பி.சி. பிறந்தது 1922-ல். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் மாகாண ரேடியோ கிளப் அமைந்து ஒலிபரப்பியது 1924-ல். கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பரில். தமிழர் வாழும் நிலங்களில் ஜொகூரின் சங்கம் இவ்விரண்டுக்கும் முந்தியது. ஆனால் அதன் ஒலிபரப்பைத் தமிழ் ஒலிபரப்பு என்று நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை. பினாங்கு கம்பியில்லாச் சங்கம் 1934-ல் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியது.

300 மீட்டர் அலை என்றால் என்ன? வானலை ஒரு நொடியில் ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்லும். அந்த வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது கிடைக்கும். 300 மீட்டருக்குப் பத்து லட்சம் அதிர்வு. அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ். தரையோடு இணைத்து நிமிர்த்தி நிறுத்தும் ஏரியல் அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருப்பது நலம் என்பது பழைய விதி. 300 மீட்டருக்குக் கால் பங்கு 75 மீட்டர். தென்னையைப்போல் மூன்று பங்கு உயரம்! அவ்வளவு உயரம் யாருக்குக் கைகூடும்? அதனால் அக்காலத்துப் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் கம்பியை ஓரளவு உயர்த்தி, பிறகு இரு கம்பங்களுக்கிடையே கிடையாக நீட்டிக் கட்டினார்கள். மற்றொரு முனையைத் தரைக்குள் புதைத்த செம்போடு சேர்த்தார்கள். இந்நாட்டு மாலை இடியோ அந்த அலைநீளத்திற்குப் பெரும்பகை. தொலைவில் மின்னினாலும் பெட்டி கரகரக்கும்.

நீண்ட அலைக்கு நீண்ட கம்பி வேண்டும் என்பதற்கு மார்க்கோனியே சான்று. 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்துவந்த சைகையைப் பிடிக்க, நியூபவுண்ட்லாந்தில் அவர் காற்றாடி கட்டி ஏறத்தாழ 150 மீட்டர் கம்பியை மேலே ஏற்றினார். இதற்கு நேர் எதிர்முனையில் நின்றவர் ஜகதீச சந்திர போஸ். அவர் 1890-களில் கல்கத்தாவில் மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள நுண்ணலைகளை ஆராய்ந்தார். அவருடைய கருவிகளில் அலையை வாங்கியது கையடக்கமான ஒரு சிறு கொம்பு. ஏரியலின் வரலாறு மார்க்கோனியின் காற்றாடியில் தொடங்கி, போஸின் கொம்பை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்த வரலாறு எனலாம்.

சிங்கப்பூரில் கிடைத்த குறிப்பேடு

சுருங்கிய ஏரியலுக்குத் திசையறிவைக் கொடுத்தவர்கள் ஜப்பானியர் இருவர். செண்டாய் நகரில் தொகோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிந்தாரோ உதாவும் பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியும் 1926-ல் ஒரு புது அமைப்பை வெளியிட்டார்கள். நடுவே ஒரு கோல் அலையை வாங்கும். அதன் பின்னே சற்று நீண்ட கோல் அலையைத் திருப்பி அனுப்பும். முன்னே சற்றுக் குறுகிய கோல்கள் வரிசையாக நின்று அலையை வழிநடத்தும். இதனால் ஏரியல் எல்லாத் திசையையும் ஒன்றாகக் கேளாமல், ஒரு திசைக்குச் செவிசாய்க்கிறது. ஜப்பானில் இதைப் பெரிதாகப் போற்றியவர் அப்போது மிகச் சிலரே. மேலைநாட்டார் எடுத்துக்கொண்டு ரேடாருக்குப் பயன்படுத்தினார்கள்.

இந்த அலட்சியத்தின் விளைவு நம் வாசலில் நிகழ்ந்தது. 1942 ஜனவரி 31-ல் பிரிட்டிஷ் படை ஜொகூரைக் கைவிட்டுப் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே நியூமன் என்னும் பிரிட்டிஷ் ரேடார்ப் பணியாளரின் குறிப்பேடு ஒன்று ஜப்பானியர் கைக்குக் கிடைத்தது. அதில் ‘யாகி’ என்னும் சொல் அடிக்கடி வந்தது. படித்த ஜப்பானிய வல்லுநர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. எப்படி உச்சரிப்பது என்பதும் புரியவில்லை. சிறைப்பட்டிருந்த அப்பணியாளரையே விசாரித்தபோது, அது அந்த ஏரியலைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொன்னாராம். தம் வீட்டுச் செல்வத்தைப் பிறர் வீட்டுப் பெட்டியில் கண்டு திகைத்த கதை இது. உதா 1950-களில் டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கூரைமேல் மீன்முள்

போருக்குப் பின், 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தோன்றியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் எட்டாத இடங்களில் அவை பாட்டரியால் இயங்கின. 1963 டிசம்பர் 28-ல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. பின்னர்க் குனோங் பூலாய், குனோங் லேடாங் ஆகிய மலைகளில் ஒலிபரப்புக் கோபுரங்கள் எழுந்து ஜொகூருக்குப் படம் காட்டின.

அக்காலத்தில் ஜொகூர் பாருவின் கூரைகள்மேல் மீன்முள் போன்ற ஏரியல்கள் நின்றன. அவை யாகி, உதா இருவரின் கோல்களேயன்றி வேறல்ல. பிறந்த நாட்டில் மறக்கப்பட்ட பொருள், போர் நடந்த அதே கரையில் வீட்டுக்கு வீடு குடியேறிவிட்டது. பல வீடுகளில் அதைத் தெற்கே திருப்பிச் சிங்கப்பூர் ஒளிபரப்பையும் பிடித்தார்கள். நீரிணையின் குறுக்கே உள்ள பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமே உடையது. மக்களுக்குக் கடவுச்சீட்டு உண்டு, அலைக்கு ஏது? இந்த நன்மையே பின்னாளில் ஒரு தொல்லையாகவும் வந்தது. அதைப் பிறகு காண்போம்.

சட்டைக்குள் ஒரு நிலையம்

1931-ல் ‘காளிதாஸ்’ வந்தபோது, நடிகர்கள் காமிராவின் முன்னேயே பேசினார்கள், பாடினார்கள். பின்னணிப் பாடலும் பின்னணிக் குரலும் வளர்ந்த பிறகு, படப்பிடிப்பு இடத்தின் ஒலி தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பயனற்றதாகிவிட்டது. ஹாலிவுட்டில் 1964-ல் வெளிவந்த ‘மை ஃபேர் லேடி’ ஒரு திருப்பம். அதன் நாயகர் ரெக்ஸ் ஹாரிசன், முன்பே பதிந்த பாடலுக்கு வாயசைக்க மறுத்தார். ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் குரோவ்ஸ் கம்பியில்லா மைக்கை அவர் கழுத்துப் பட்டையில் மறைத்துப் பதிந்தார். அப்படத்தின் ஒலிக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. 1975-ல் ராபர்ட் ஆல்ட்மன் தம் ‘நாஷ்வில்’ படத்தில் பலருக்குத் தனித்தனி மைக் அணிவித்துப் பல தடங்களில் பதியச் செய்தார். தமிழில் ‘ஹே ராம்’ (2000), ‘விருமாண்டி’ (2004) ஆகியவை படப்பிடிப்பின்போதே குரலைப் பதிந்த படங்களாகப் பேசப்பட்டன.

ஜொகூரிலும் இத்தொழிலுக்கு ஒரு பெரிய இடம் உண்டாயிற்று. இன்று இஸ்கந்தர் புத்ரி எனப்படும் நூசாஜெயாவில் 2013-ல் பைன்வுட் இஸ்கந்தர் மலேசியா ஸ்டூடியோ திறக்கப்பட்டது. ‘மார்க்கோ போலோ’ தொடரின் பெரும்பகுதி அங்கே படமாகி 2014-ல் வெளிவந்தது. பின்னர் பைன்வுட் பெயர் நீங்கி, இஸ்கந்தர் மலேசியா ஸ்டூடியோ என்னும் பெயர் நின்றது. 1921-ல் ஒரு சங்கம் கூடி இயக்கிய ஒலிபரப்பு, இன்று ஒவ்வொரு நடிகரின் இடுப்பிலும் ஒரு நிலையமாக இயங்குகிறது. அலைநீளமோ 300 மீட்டரிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டராகச் சுருங்கிவிட்டது. 600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 50 செ.மீ.; அதில் கால் பங்கு 12.5 செ.மீ. பிர்ச் காலத்து 75 மீட்டர் விதியும் இதுவும் ஒரே விதிதான்.

ஏரியலை நிறுத்தும் முறை

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்து லயத்தின் வாசலில் தாயும் மகனும் பேசுகிறார்கள். வீடு தகரக் கூரை உடையது. அருகே ஒரு லாரி நிற்கிறது. காலையில் பெய்த மழையில் ஓலைகள் நனைந்திருக்கின்றன. இருவர் இடுப்பிலும் டிரான்ஸ்மிட்டர். அதன் வலிமை பெரும்பாலும் 50 மில்லிவாட் அளவுதான்; ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு.

முதற் பகை மனித உடல். உப்பும் நீரும் கலந்த உடல் இந்த அலையை விழுங்கும். ஆகையால் டிரான்ஸ்மிட்டரின் சிறு கம்பியைச் சுருட்டாமல், வியர்வை படிந்த தோலில் ஒட்டாமல் விட வேண்டும். வாங்கும் ஏரியலைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், நடிகரை நேரே காணும்படி நிறுத்த வேண்டும். நம் கண்ணுக்கும் நடிகருக்கும் இடையே மறைப்பு இருந்தால், ஏரியலுக்கும் மறைப்பு இருப்பதாகக் கொள்ளலாம்.

இரண்டாம் பகை எதிரொலிப்பு. அலை நேராகவும் வரும். தகரத்திலும் லாரியிலும் பட்டுத் திரும்பியும் வரும். இரு வழிகளின் நீளத்திலும் அரை அலைநீளம், அதாவது 25 செ.மீ., வேறுபாடு இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாய் ஓரடி நகர்ந்தாள் என்றால், அந்த இடத்தில் ஏரியலுக்குச் செவி அடைத்துவிடும். நம் அரை மாத்திரை மெய் மடிவது பெரும்பாலும் இங்கேதான். பழைய வகைக் கருவியில் அந்நேரம் இரைச்சல் கேட்கும். டிஜிட்டல் கருவியில் மௌனமே கிடைக்கும்.

இதற்கு மருந்து இரண்டு ஏரியல்கள். ஒன்று செவிடான நேரத்தில் மற்றொன்று கேட்கும். கருவி நல்லதைத் தேர்ந்துகொள்ளும். கடல்கடந்து வரும் சிற்றலைச் செய்திகள் மங்கித் தெளிவதைத் தடுக்க, அமெரிக்காவில் பெவரேஜ், பீட்டர்சன் என்னும் பொறியாளர்கள் வகுத்து 1931-ல் விளக்கிய முறை இது. அங்கே ஏரியல்களைப் பல நூறு மீட்டர் இடைவெளியில் நட்டார்கள். அரை மீட்டர் அலைக்கு ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியே போதும். இரண்டையும் ஒரே கோலில் ஒட்டிவைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் செவிடாகும்.

ஏரியலின் வகையும் முக்கியம். படப்பிடிப்பில் சுறாத்துடுப்புப் போன்ற தட்டையான ஏரியல் மிகுதியாக வழங்குகிறது. வரிசையாகக் குறுகிச் செல்லும் கோல்களை அச்சுத் தகட்டில் பதித்தது அது. யாகியின் அமைப்பு ஒரு குறுகிய அலைவரிசைக்கே பொருந்தும். இதுவோ விரிந்த பரப்பை வாங்கும். 1950-களின் பிற்பகுதியில் இலினாய் பல்கலைக்கழகத்தில் டுயூஹாமல், ஐஸ்பெல் முதலியோரின் ஆராய்ச்சியில் உருவானது. இதன் முனை நடிகரை நோக்க வேண்டும். ஆனால் மிக அருகே வைத்தாலும் கேடு; அளவு மிஞ்சிய அலை ரிசீவரைத் திணறடிக்கும். சில மீட்டர் தள்ளி நிற்பதே நன்று.

அடுத்தது கேபிள். மெல்லிய கேபிள் பத்து மீட்டர் நீண்டால், வாங்கிய ஆற்றலில் பாதி அதிலேயே தொலையும். ஏரியலோடு சேர்ந்த பெருக்கியை, இவ்விழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். மேலும் ஏற்றினால் இரைச்சலும் கூடவே பெருகும். பல மைக்குகள் இருக்கும்போது ஒரு கணக்கும் உண்டு. 600, 601 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் கருவிக்குள் கலந்தால் 599, 602 என்னும் போலி அலைகள் பிறக்கும். மூன்றாம் மைக்கை 602-ல் வைத்தால் மோதல் நேரும். ஆகையால் அலைவரிசைகளைச் சம இடைவெளியில் அடுக்கலாகாது.

மூன்று நாட்டு வானலை

இவையெல்லாம் உலகெங்கும் பொதுவானவை. ஜொகூருக்கே உரிய இடர்ப்பாடு வேறொன்று உண்டு. தெற்கே சிங்கப்பூர், அதற்கப்பால் இந்தோனேசியாவின் பாத்தாம், வடக்கே நம் மலைக் கோபுரங்கள். கம்பியில்லா மைக்குக்கு இடம்கொடுக்கும் 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில்தான் மூன்று நாட்டுத் தொலைக்காட்சியும் உலவுகிறது. 2019 தொடக்கத்தில் சிங்கப்பூரும், 2019 அக்டோபர் இறுதியில் மலேசியாவும், 2022-ல் பாத்தாமும் பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. அதற்கு மேலிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பரப்பு கைப்பேசிக்குப் போயிற்று. இதனால் மைக்குக்கு எஞ்சிய நிலம் சிறுத்துவிட்டது.

இங்கு வேலை செய்வோர் முதலில் தம் டிரான்ஸ்மிட்டர்களை அணைத்துவிட்டு, அந்த இடத்தில் என்னென்ன அலைகள் உலவுகின்றன என்று கருவியால் துழாவ வேண்டும். கோலாலம்பூரில் நேற்றுக் காலியாக இருந்த அலைவரிசை, இஸ்கந்தர் புத்ரியில் இன்று நிரம்பியிருக்கலாம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். பிறகே காலியான இடங்களைத் தேர்ந்து மைக்குகளை ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். திசையறிந்த ஏரியலின் முகம் நடிகரை நோக்க, அதன் முதுகு நீரிணையை நோக்கட்டும். 1970-களில் கூரைமேல் ஏறிய தந்தை மீன்முள்ளைச் சிங்கப்பூர்ப் பக்கம் திருப்பினார். அவர் பேரன் படப்பிடிப்பில் அதே திசைக்கு ஏரியலின் முதுகைக் காட்டுகிறான். அறிவு ஒன்றே, தேவைதான் மாறியது.

கடைசியாக ஒரு சோதனை செய்வது வழக்கம். உதவியாளர் ஒருவர் டிரான்ஸ்மிட்டரை அணிந்து, நடிகர் செல்லும் வழியெல்லாம் நடந்துகொண்டே பேசுவார். பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். தமிழ்ப் பணிக்கு இது போதாது. ஒன்று என்பதன் பாதி கேட்டாலும் மனம் முழுதாக்கிக்கொள்ளும், குறை புலப்படாது. அதற்கு மாறாக, கல், கள், கண், வாள், வான், வாய் என்று மெய்யில் முடியும் சொற்களை முறைமாற்றிச் சொல்லி, கேட்பவர் எழுதிக்கொள்ளட்டும். எந்த இடத்தில் சொல் மாறுகிறதோ அந்த இடத்தில் ஏரியலுக்குச் செவி மந்தம். ஏரியலைச் சற்றே நகர்த்தி மீண்டும் நடக்கலாம்.

பின்னணியில் குரல் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்பர். திருத்தலாம். ஆனால் தோட்டத்து வாசலில் நின்ற தாயின் மூச்சும், அவள் ஊர்ப் பேச்சின் ழகரமும், குளிரூட்டிய அறையில் மறுபடி அப்படியே வருவதில்லை. நம் மலேசியத் தமிழ்ப் பேச்சுக்குப் பிற்காலத்தார் காணப்போகும் சான்றுகளில் இப்பதிவுகளும் சேரும். அரை மாத்திரை என்று அளந்து வைத்த மொழி நம்முடையது. அந்த அளவு குறையாமல் வானலையில் கொண்டுசெல்லும் பொறுப்பு, கோலின் உச்சியில் ஏரியலை நிறுத்தும் ஒருவர் கையிலும் இருக்கிறது. அவர் தமிழறிந்தவராகவும் இருந்தால் நன்மை இரட்டிக்கும். நம் வகுப்பில் மாத்திரைக் கணக்குப் படிக்கும் மாணவர்களில் சிலரேனும் அப்பணிக்குப் போகட்டும்.